வெயிட் எவ்வளவு ஸார்?

'ஏர்போர்ட்ல வேலை' என்று அம்மா சுவாமிமலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பெண் வீட்டார் 'பைலட்டா?' என்று கேட்டபோது அவள் மறுக்கவும் இல்லை. நான் பி.காம். ஓசூர் பக்கம், பேளகொண்டப்பள்ளியில் இருக்கிற தனியார் ஓடுதளத்தில், ஒரு சின்ன சார்ட்டர் கம்பெனியின் (பேர் வேண்டாமே) கணக்குப்பிள்ளை. இது 2013 சமாசாரம்.

சுற்றிலும் ராகிக் கொல்லை, நடுவில் ரன்வே. தொண்ணூறுகளில் இத்தாலிக்காரர்களின் பார்டெனாவியா பி-68 விமானத்தை லைசென்ஸ் வாங்கி அங்கேதான் தயாரித்தார்கள். எங்களிடம் இருந்ததும் அதில் ஒன்று. இரண்டு இன்ஜின், பைலட்டையும் சேர்த்து ஆறு சீட். கிளம்பும்போது மொத்த எடை 1,990 கிலோவைத் தாண்டக்கூடாது.

பில் போடுவது, டீ சொல்வது தவிர எனக்கு இன்னொரு வேலை, எடைக் கணக்கு. ஆள், பெட்டி, பெட்ரோல் (லிட்டருக்கு 0.72 கிலோ) எல்லாம் கூட்டி கேப்டனிடம் நீட்ட வேண்டும். டேலி பண்ணிப் பழகிய கைக்கு இது ஜுஜுபி என்று நினைத்தேன்.

மே மாசம், மத்தியானம் ரெண்டு மணி. ஆந்திரப் பக்கம் ஒரு கும்பாபிஷேகத்துக்கு ஒரு குடும்பம். ஐந்து பேர், கூடவே ஒரு மரப்பெட்டி. உள்ளே எங்க ஊரில் செய்த இரண்டடி முருகன்.

"பெட்டி வெயிட் எவ்வளவு ஸார்?"

"இருபத்தஞ்சு இருக்கும்."

எழுதினேன். ஆட்களையும் அப்படியே கேட்டுக் கேட்டு எழுதினேன். தராசு மூலையில் இருந்தது. பெரிய மனிதர்களை அதில் ஏறச் சொல்லக் கூச்சம். கூட்டினால் 1,985. அழகான டேலி!

கேப்டன் பேப்பரைப் பார்த்தார். நேரே போய்ப் பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். முருகன் அசையவில்லை.

"தம்பி, உங்க ஊர் எது?"

"சுவாமிமலை, ஸார்."

"அப்புறம்?"

இதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம். எங்க ஊர் விக்கிரகம் கன வார்ப்பு. மெழுகில் உருவம் பண்ணி, மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். உள்ளே பொள்ளலே கிடையாது. பட்டறை வாசலில் விளையாடி வளர்ந்தவன் எழுதிய எடை, இருபத்தஞ்சு!

தராசில் வைத்தோம். ஐம்பத்தெட்டு. மொத்தம் 2,018. இருபத்தெட்டு கிலோ அதிகம். ஓசூர் கிட்டத்தட்ட மூவாயிரம் அடி மேடு வேறு. அந்த வெயிலில் காற்று லேசாகி இறக்கைக்குப் பிடிமானம் குறையும், இன்ஜினும் திணறும்.

போகிற இடத்தில் எங்கள் விமானத்துக்கான பெட்ரோல் கிடைக்காது. திரும்பி வரவும் சேர்த்து ஊற்றியிருந்ததால் அதில் கை வைக்க முடியாது. "சாமி இறங்கணும், இல்லே ஒரு ஆசாமி இறங்கணும்" என்றார் கேப்டன். குடும்பம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கடைசியில் எல்லார் பார்வையும் மாப்பிள்ளை மேல் வந்து நின்றது. (எந்த வீட்டில்தான் இல்லை?) பாவம், பையோடு இறங்கிவிட்டார். அவர் பங்கு எழுபது கிலோவைக் கழித்தேன். 1,948. விமானம் மேலே போய்ப் புள்ளியாகிவிட்டது.

ராத்திரி பஸ் வரைக்கும் அவருக்குப் பொழுது போக வேண்டுமே. என் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர் சாதத்தில் பாதியை எடுத்து வைத்தேன். அவர் சும்மா தராசில் ஏறி நின்றார்.

முள் எண்பத்து நாலில் நின்றது.

"எழுபதுன்னீங்களே ஸார்?"

"கல்யாணத்தப்போ எழுபது" என்றார் வெட்கத்தோடு.

மேலே போன மற்ற நாலு பேரையும் நான் வாயால் கேட்டுத்தானே எழுதியிருந்தேன்? பாக்கி இடம் 42 கிலோ. ஆளுக்குப் பதினாலு மறைத்திருந்தால் நாலு பதினாலு ஐம்பத்தாறு.

மானேஜரிடம் ஓடினேன். "மேலே ஏறியாச்சுல்ல? பெட்ரோல் எரிய எரிய வெயிட் குறையும், போ" என்றார். அவர் கையில் இருந்த காபி டம்ளரும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

மூணே முக்காலுக்கு, இறங்கிவிட்டோம் என்று போன் வந்தது. அதுவரை அந்தத் தயிர் சாதத்தை மாப்பிள்ளைதான் சாப்பிட்டார், என் பங்கையும் சேர்த்து.