லைசென்ஸுக்கு எல்லை இல்ல, வண்டிக்கு இருக்கு

ஆன்சைட் கிளம்புற பசங்க விசா கைக்கு வந்ததும் கேக்குற முதல் கேள்வி, "அண்ணே, நம்ம லைசென்ஸ் அங்க செல்லுமா?" நானும் கேட்டவன்தான். பதில் தெரிஞ்சப்புறம்தான், இதே கேள்வியோட இன்னொரு பாதி எங்க ஊர் எல்லைல தினமும் நடக்குதுன்னு உறைச்சுது.

எங்க ஊர் ஓசூர். ஜூஜூவாடி தாண்டினா அத்திப்பள்ளி, அவ்ளோதான், கர்நாடகா. அங்க எலக்ட்ரானிக் சிட்டில பொட்டி தட்டப் போற என்னை மாதிரி ஆளுங்களும், அங்கேர்ந்து ஓசூர் ஃபேக்டரிகளுக்கு வர்றவங்களும் காலைல தேசிய நெடுஞ்சாலை 44-ல எதிரெதிரா கிராஸ் பண்ணிக்குவோம்.

முதல்ல வெளிநாட்டுக் கதை. பிரிட்டன்ல ரெடிங்னு ஒரு ஊர்ல பத்து மாசம் ஆணி புடுங்கினேன். கைல இருந்தது ஓசூர் ஆர்டிஓ குடுத்த லைசென்ஸ்தான். அங்க குடியேறின நாள்லேர்ந்து 12 மாசம் வரைக்கும் இந்திய லைசென்ஸை வெச்சே கார் ஓட்டலாம். ரோட்டுல இடது பக்கம், நம்மூர் மாதிரியே. ரவுண்டானால வலது பக்கத்துலேர்ந்து வர்றவனுக்கு நிஜமாவே வழி விடணும், அது மட்டும்தான் புதுசு :-)

12 மாசம் முடிஞ்சா கதை கந்தல். சிங்கப்பூர் லைசென்ஸ் வெச்சிருக்கவங்க டெஸ்ட் இல்லாம மாத்திக்கிற வசதி இருக்கு. இந்தியா அந்தப் பட்டியல்ல இல்ல. பத்து வருஷமா பெங்களூர் டிராஃபிக்ல ஓட்டினவனா இருந்தாலும் ப்ரொவிஷனல் லைசென்ஸ், தியரி டெஸ்ட், ரோடு டெஸ்ட்னு அ, ஆவிலேர்ந்து தொடங்கணும்.

ஜெர்மனில இந்தக் கெடு 6 மாசம். கலிஃபோர்னியால சுத்திப் பாக்கப் போனவர் சொந்த ஊர் லைசென்ஸ்லயே ஓட்டலாம், அங்கயே குடியேறிட்டா 10 நாளைக்குள்ள அந்த ஊர் லைசென்ஸுக்குப் போகணும். நம்ம ஆர்டிஓ ஆபீஸ்ல தர்ற இன்டர்நேஷனல் பெர்மிட், 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வந்தது, ஒரு வருஷம் வரைக்கும் செல்லும். பலரும் அதைத் தனி லைசென்ஸ்னு நினைக்கிறாங்க. அது நம்ம லைசென்ஸோட மொழிபெயர்ப்பு மாதிரி, ஒரிஜினலும் கூடவே இருக்கணும்.

ஆக எல்லா நாடும் கேக்குறது ஒண்ணுதான்: நீ வந்து போறவனா, வந்து தங்குறவனா?

இப்ப நம்மூருக்கு வருவோம். 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 13 படி ஒரு மாநிலத்துல வாங்கின லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும். ஆளுக்கு எந்தக் கெடுவும் கிடையாது. ஆனா அதே சட்டத்துல பிரிவு 47, ஒரு மாநிலத்துல பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா அங்க புது நம்பர் வாங்கணும்னு சொல்லுது. அங்க ஆளுக்குக் கெடு. இங்க வண்டிக்கு. அதே 12 மாசம்!

"வெச்சிருந்தா"ங்கிற வார்த்தைலதான் எல்லைக்காரன் மாட்டுறான். தினமும் ராத்திரி ஓசூர் வந்து சேர்ற வண்டி கர்நாடகால "வெச்சிருக்கிற" வண்டி ஆகாது. சரி. எங்க டீம்ல ஒரு தருமபுரி அண்ணன், பொம்மசந்திரால ரூம் எடுத்திருக்கார். அஞ்சு ராத்திரி அங்க, ரெண்டு ராத்திரி ஊர்ல. அவரோட டிஎன் 29 எங்க "இருக்கு"?

2014-ல கர்நாடக அரசு வரிச் சட்டத்தைத் திருத்தி, வெளிமாநில வண்டி 30 நாளுக்கு மேல அங்க இருந்தா ஆயுள் வரி கட்டணும்னுச்சு. அப்ப நான் இன்ஜினியரிங் முதல் வருஷம். டீக்கடைல பெரியவங்க இதைத்தான் பேசுவாங்க. காரை நிறுத்தி "எல்லிந்த பர்த்தா இத்தீரா?"ன்னு கேட்டா, நேத்து ராத்திரிதான் வந்தோம்னு காட்ட டோல் ரசீதை டேஷ்போர்டுல சேத்து வெப்பாங்க. 2016-ல கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து பண்ணிச்சு. 12 மாசக் கணக்கு திரும்ப வந்துச்சு. ரசீது சேக்குற பழக்கம் மட்டும் பல பேருக்குப் போகல.

இவ்ளோ விலாவாரியா நான் படிச்சதுக்குக் காரணம் எங்க வீட்டு வண்டி. தங்கமணிக்கு மாரத்தஹள்ளி பக்கம் வேலை கிடைச்சிருக்கு. ஓசூர்லேர்ந்து தினமும் போய் வந்தா ஆள் காலி. அங்க வீடு பாத்தாச்சு. கார் மட்டும் பாக்கி. அது அப்பா சிப்காட்ல ஒரு ஃபேக்டரில முப்பது வருஷம் ஷிஃப்ட் பாத்து, ரிட்டயர் ஆன காசுல வாங்கினது. டிஎன் 70.

கொண்டு போனா செய்ய வேண்டியது: இங்க ஃபார்ம் 28-ல என்ஓசி, அங்க ஃபார்ம் 27-ல புது நம்பர், வண்டியோட வயசுக்கு ஏத்த வரி, அப்புறம் இங்க கட்டினதுல மீதிக்கு ரீஃபண்ட் கேட்டு அலையணும். 2021 செப்டம்பர்லேர்ந்து பிஎச் சீரிஸ்னு ஒண்ணு இருக்கு, மாநிலம் மாறினாலும் நம்பர் மாத்த வேண்டாம். ஆனா தனியார் கம்பெனின்னா நாலு மாநிலத்துலயாவது ஆபீஸ் இருக்கணும். அப்பா பேர்ல இருக்கிற காருக்கு அது ஒத்து வராது.

இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடி போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சார்.

"வரி கெடக்கட்டும்பா. நீ அங்க போய்ட்டு வரப் போறியா, தங்கிடப் போறியா? அதை மொதல்ல சொல்லு."

ரெடிங்ல யாரும் இப்படிக் கேக்கல. கேட்டிருந்தா பத்து மாசம்னு டக்குனு சொல்லியிருப்பேன், டிக்கெட் கைல இருந்துச்சு. நாப்பது கிலோமீட்டர் தள்ளிப் போறதுக்கு எனக்கு வாய் வரல. "சனிக்கிழமை சனிக்கிழமை வந்துடுவோம்பா"ன்னேன். அவர் பேப்பரை மடிச்சு ஆர்சி புக் கவர்லயே வெச்சுட்டார்.

இப்போதைக்கு முடிவு: கார் இங்கயே, அப்பா அம்மாவோட. ஆஸ்பத்திரி, கல்யாணம் காட்சின்னா அவங்களுக்குத்தான் தேவை. நாங்க அங்க கேஏ நம்பர்ல ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்குவோம், வார இறுதில ட்ரெயின் இல்லேன்னா பஸ்.

உங்கள்ல எல்லையோரத்துல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு: வேற மாநிலத்துல வண்டியோட தங்கப் போறீங்கன்னா, போய்ச் சேர்ந்த தேதிக்கு ஆதாரமா வாடகை ஒப்பந்தம், ஃபாஸ்டேக் கணக்கு ரெண்டையும் பத்திரமா வையுங்க. 12 மாசம் எங்கேர்ந்து ஆரம்பிக்குதுன்னு யாராவது கேட்டா காட்டலாம். அப்பாவே கேட்டா என்ன காட்டுறதுன்னுதான் எனக்குப் புரியல.