சிவராத்திரிக்கு வந்துவிடு, செல்வி

திருச்சுழி,
தை 5.

அன்புத் தங்கச்சி செல்விக்கு,

அக்கா எழுதுகிறேன்.   போனில் பேச்சை எடுத்தாலே உன் சின்னக்குட்டி அழுகிறாள், நீயும் "அப்புறம் பேசுறேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் தூங்கும்போது பொறுமையாகப் படி.

சிவராத்திரிக்கு வரவில்லை என்று உங்க அத்தையிடம் சொல்லிவிட்டாயாமே. அருப்புக்கோட்டையிலிருந்து போன் பண்ணி என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, குரல்தான் இறங்கிப் போயிருந்தது. குலதெய்வக் கோயிலில் பேத்திக்கு முதல் முடி இறக்கிக் காது குத்துவதாக நேர்ந்து வைத்திருக்கிறார். கிடாய்க்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. நம்ம தம்பியும் தாய்மாமன் சீருக்குத் தோடு வாங்கி வைத்துவிட்டான். நீ என்னடா என்றால், "பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும், அதுவரைக்கும் எங்கேயும் வரவில்லை" என்கிறாய். ஏண்டி, பிள்ளைகள் வளரும்வரை பெரியவர்கள் அப்படியே இருப்பார்களா? அம்மா இப்போதே மாடிப்படி ஏறுவதில்லை. முழங்கால் வீங்கிவிடுகிறது. சென்னைக்கு வந்து பேத்தியைப் பார்க்க அவளால் முடியாது. குட்டியைப் பிறந்த வீட்டில் பார்த்ததோடு சரி. இப்போது தவழ்கிறாளாம், பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம், எல்லாம் அம்மாவுக்குப் போனில் பார்க்கிற கதைதான்.

நீ ஏன் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சரஸ்வதி பூஜை விடுமுறையில் போய் வந்தீர்களே, அந்தப் பயணத்தில் நீ பட்டதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒரே நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில், ராஜபாளையத்தில் சொந்தக்காரர் வீடு, சாயங்காலம் குற்றாலம். பெரியவன் வழியெல்லாம் வாந்தி. ஆறு மாசக் குழந்தைக்குப் பாலும் சரியாக இல்லை, தூக்கமும் இல்லை. எல்லாரும் அருவியில் குளிக்க, நீ மட்டும் வேனுக்குள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஈரத்துணிக்குக் காவல் இருந்தாய். வந்ததும் மூன்று பேருக்கும் காய்ச்சல். இதற்குப் பெயர் சுற்றுலாவா? வீட்டில் செய்கிற வேலையையே வசதி இல்லாத இடத்தில் போய்ச் செய்துவிட்டு வந்திருக்கிறாய்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் திருச்செந்தூர்தான் ஞாபகம் வருகிறது. நீ அப்போது கைக்குழந்தை, உனக்குத் தெரியாது. அப்பா நம்மையெல்லாம் வருஷம் தவறாமல் கூட்டிப் போவார். பஸ் இறங்கியதும் நாங்கள் கடலுக்கு ஓடுவோம். அம்மா மணலில் துண்டை விரித்து, பைகளைச் சுற்றி வைத்து, நடுவில் உன்னைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். எங்கள் சட்டை, அப்பாவின் கடிகாரம், புளியோதரைத் தூக்குவாளி எல்லாம் அவள் பொறுப்பு. நாங்கள் குளித்து, நாழிக்கிணற்றிலும் நீராடி, சாமி கும்பிட்டு வந்த பிறகு, நடை சாத்தும் நேரத்தில் அவள் மட்டும் ஓடிப்போய்க் கும்பிட்டு வருவாள். நான் பெரியவளான பிறகு ஒருநாள் கேட்டேன், "திருச்செந்தூர்க் கடல் எப்படிம்மா இருக்கும்?" என்று. "மணல் ரொம்பச் சுடும்" என்றாள். அத்தனை வருஷம் போய் வந்தவளுக்கு அதுதான் தெரிந்திருக்கிறது. போன வருஷம் தம்பி அவளை மட்டும் தனியாகக் கூட்டிப் போனான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாளாம். அலை வந்து சேலை நனைந்தும், "இன்னும் கொஞ்ச நேரம்டா" என்றாளாம். நீயும் அறுபது வயதுக்கு மேல்தான் அருவியைப் பார்க்க வேண்டுமா, செல்வி?

ஆகவே, பயணமே வேண்டாம் என்று சொல்லாதே. நீ மட்டும் வேலை பார்க்கிற பயணம் வேண்டாம் என்று சொல். மாப்பிள்ளையிடம் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் நல்ல மனிதர், சொன்னால் கேட்பார். சொல்லாமலே அவருக்குத் தெரியும் என்று நினைக்காதே. ஆண்களுக்குப் பையைத் தூக்கிவிட்டாலே உதவி செய்துவிட்ட நினைப்பு வந்துவிடுகிறது. பிள்ளையைத் தூக்க வேண்டும், மலம் கழுவ வேண்டும், சோறு ஊட்ட வேண்டும். கோயிலுக்குப் போனால் முதலில் நீ போய் நிதானமாகக் கும்பிட்டு வா. அதுவரை அவர் பிள்ளைகளை வைத்துக்கொள்ளட்டும். பிறகு அவர் போகட்டும்.

நம்ம ஊர் ரமண மகரிஷியையே எடுத்துக்கொள். 1879-ல் இங்கே கோயில் பக்கத்துத் தெருவில் பிறந்தவர். பதினாறு வயதில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலை போய்த் துறவியானவர். 1914-ல் அவருடைய அம்மா அழகம்மாள் திருப்பதி யாத்திரை போய்விட்டு மகனைப் பார்க்க வந்த இடத்தில் கடும் காய்ச்சலில் படுத்துவிட்டார். அத்தனையும் துறந்த அந்தப் பிள்ளைதான் கூடவே இருந்து பணிவிடை செய்தார். துறவிக்கே அது குறைச்சல் இல்லை என்றால், நம்ம மாப்பிள்ளை ஒரு மணி நேரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது? வந்ததும் நானே இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காரில் வரவேண்டாம். சிலம்பு எக்ஸ்பிரஸில் வாருங்கள். இரவு எழும்பூரில் ஏறினால் விடிகாலையில் அருப்புக்கோட்டை. பிள்ளைகளுக்குத் தூக்கத்திலேயே பயணம் முடிந்துவிடும். தினமும் ஓடுகிற வண்டி இல்லை, கிழமை பார்த்துப் போடச் சொல். குட்டிக்கு டிக்கெட் வேண்டாம், ஐந்து வயது ஆகும்வரை இலவசம். பெரியவனுக்கு பெர்த் வேண்டாம் என்றால் அரை டிக்கெட்தான், பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். 2016-லிருந்து அப்படித்தான். மாப்பிள்ளை அந்த அரை டிக்கெட்டைக் கணக்குப் பார்ப்பார், விடாதே. ஆறு வயதுப் பையனையும் கைக்குழந்தையையும் ஒரே பெர்த்தில் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க நீ ஓரத்தில் உட்கார்ந்து வரவேண்டாம்.

கிளம்புவதற்கு முன்னால், குட்டிக்கு ஒன்பது மாசத் தடுப்பூசி போட்டாயா? தட்டம்மை ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாள் கழித்துக்கூடச் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் அடிக்கும். அந்தக் காய்ச்சலோடு ரயில் ஏற வேண்டாம், இப்போதே போட்டுவிடு. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து எடுத்து வை. பெரிய பொட்டலம் என்றால் காய்ச்சி ஆறின தண்ணீர் சரியாக ஒரு லிட்டர். கண்ணளவில் டம்ளரில் கரைக்காதே. காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி என்று குட்டியின் எடையைச் சொல்லி டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்.

இன்னொன்று, கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் பிள்ளை வாயில் எதையாவது தடவுவார்கள். ஒரு வயது முடியாத பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது. யார் வருத்தப்பட்டாலும் சரி, "அக்கா வேண்டாம்னு சொல்லியிருக்கா" என்று என் பெயரைச் சொல்லிவிடு.

இங்கே வந்த பிறகு உங்க கொழுந்தன் புது பைக்கில் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன் என்று நிற்பான். பெரியவனை டேங்க் மேலும், உன்னைக் குட்டியோடு பின்னாலும் ஏற்றிக்கொண்டு நரிக்குடி ரோட்டில் பறப்பான். நம்ம பக்கம் இது சாதாரணமாகப் போய்விட்டது. ஒன்பது மாசத்திலிருந்து நாலு வயது வரைக்கும் உள்ள பிள்ளையை இரு சக்கர வண்டியில் ஏற்றினால் அதற்கும் ஹெல்மெட் போட்டு, ஓட்டுகிறவரோடு சேர்த்துப் பட்டை கட்டி, மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து சட்டமே இருக்கிறது. நம்ம ஊரில் யார் கட்டுகிறார்கள்? அதனால் நம்ம பிள்ளைகள் பைக்கில் ஏறவே வேண்டாம். கோயிலுக்குத் தம்பி வேன் சொல்லியிருக்கிறான், எல்லாரும் அதிலேயே போவோம்.

சிவராத்திரி அன்று ராப்பூராவும் பிள்ளைகளை அந்தக் காட்டுக் கோயிலில் வைத்திருக்க வேண்டாம் என்று உங்க அத்தையிடம் பேசிவிட்டேன். மாசிப் பனி பிள்ளைக்கு ஆகாது. பெரியவர்கள் முழித்திருக்கட்டும். நீங்கள் நம்ம வீட்டில் தூங்கி, விடிந்ததும் வாருங்கள். வெயில் ஏறுமுன் முடியிறக்கிக் காது குத்திவிடலாம். பிளேடு புதிதாக வாங்கி நம்ம கையாலேயே கொடுப்போம். பிறகு வேப்பமரத்தில் அம்மா தொட்டில் கட்டுவாள். உனக்குக் கட்டிய அதே பழைய நூல் சேலையை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறாள். கிளையில் முடிச்சுப் போட்டதும் முதலில் கையால் தொங்கி இழுத்துப் பார்ப்பாள். அப்புறம் அரிசிப் பையைப் போட்டு ஆட்டிப் பார்ப்பாள். தொட்டில் கம்பைக் குறுக்கே வைத்து, சேலை பிள்ளை முகத்தில் மூடாமல் விரிகிறதா என்று பார்த்த பிறகுதான் பிள்ளையைப் போடுவாள். நீ அவள் பக்கத்திலேயே பாயை விரித்துப் படு. பொங்கல் வைக்க, கறி நறுக்க ஆள் இருக்கிறார்கள். உன்னை யாராவது கூப்பிட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தக் கோயிலில் கழிப்பறை இல்லை என்பது உண்மைதான். நானே அதற்குப் பட்ட பாடு உண்டு. பெண்கள் முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். பால் கொடுக்கிற நீ அப்படி இருக்கவே கூடாது. பக்கத்து ஊரில் நமக்குத் தெரிந்த வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், வேனில் ஐந்து நிமிஷம். பால் கொடுக்கவும் அங்கேயே போய்க்கொள்ளலாம். 2015-ல் பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறை கட்டினார்களே, எவ்வளவு நல்ல காரியம்! ஆனால் போன மாசம் ஒரு ஊரில் நம்ம சித்தி மகளுக்காகத் தேடிப் போனால் பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

மாப்பிள்ளை ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். எட்டயபுரம், இருக்கன்குடி, ஸ்ரீவில்லிபுத்தூர், அய்யனார் அருவி, எல்லாம் இரண்டே நாளில்! நான் அடித்துவிட்டேன். காது குத்தின மறுநாள் எங்கேயும் கிடையாது. அதற்கடுத்த நாள் எட்டயபுரம் மட்டும், அதுவும் நீயும் பெரியவனும் மாத்திரம். பால் கொடுத்துவிட்டுக் காலையில் கிளம்பினால் பந்தல்குடி வழியாக ஒரு மணி நேரம், மதியத்துக்குள் திரும்பிவிடலாம். குட்டிக்கு இடையில் சாதம் பிசைந்து நானும் அம்மாவும் கொடுத்துக்கொள்கிறோம். பெரியவன் பள்ளியில் பாப்பாப் பாட்டு ஒப்பித்துப் பரிசு வாங்கினான் என்றாயே, அந்தப் பாட்டை எழுதியவர் பிறந்த வீட்டை உன் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்கட்டும். கல்கி முயற்சி எடுத்துக் கட்டிய மணிமண்டபத்தையும் காட்டு. தங்கச்சி பிறந்ததிலிருந்து அவன் உன்னோடு தனியாக எங்கேயும் போகவில்லை. போன தடவை என்னிடம் ரகசியமாகக் கேட்டான், "பெரியம்மா, பாப்பாவைக் கொஞ்ச நாள் நீங்க வெச்சுக்கிறீங்களா?" என்று. உன்னிடம் சொன்னால் வருத்தப்படுவாய் என்று சொல்லவில்லை. அவனுக்கு வேண்டியது ஊர் சுற்றுவது இல்லை, அரை நாள் அம்மா.

திருச்சுழிக் கோயிலுக்கு எந்தச் சாயங்காலம் வேண்டுமானாலும் நடந்தே போகலாம். திருமேனிநாதர் கோயில் பிராகாரத்தில் பெரியவன் இஷ்டத்துக்கு ஓடட்டும், நீ துணைமாலையம்மன் சன்னதியில் உட்கார்ந்திரு. அப்படியே ரமணர் பிறந்த வீடான சுந்தர மந்திரத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

இந்த வருஷம் மழை பரவாயில்லை. கண்மாயில் இன்னும் தண்ணீர் கிடக்கிறது. குதிரைவாலி அறுத்தாயிற்று, உனக்கு ஒரு மூட்டை குத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வரும்போது பருத்தி வெடித்திருக்கும்.

உங்க அத்தைக்கு இன்றைக்கே ஒரு போன் பண்ணி, வருகிறோம் என்று நீயே சொல். நான் சொல்வதைவிட நீ சொன்னால் அவருக்குச் சந்தோஷம். டிக்கெட் போட்டதும் எந்தப் பெட்டி என்று எனக்குச் சொல். உங்க அத்தான் விடியுமுன் ஸ்டேஷனில் நிற்பார். குட்டிக்குக் குல்லாயும் ஸ்வெட்டரும் கையிலேயே வைத்துக்கொள், பெட்டிக்குள் வைத்துவிட்டு இறங்கும்போது தேடாதே.

உன் அன்பு அக்கா.

பி.கு.: செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, காளைக்கன்று. பெரியவன் வந்துதான் பெயர் வைக்க வேண்டும் என்று உங்க அத்தான் சொல்லிவிட்டார். அவனிடம் சொல், பெயரை யோசித்துக்கொண்டு வரட்டும்.