பாதி மலையில்

கணுக்கால் பிரண்டு ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. நோ மாறிவிட்டது என்று தோழியரிடம் சொல்லி, நல்லதண்ணியிலிருந்து அவர்களோடு சிவனொளிபாதமலை ஏறினேன். 2,243 மீற்றர் உயரம், ஆயிரக்கணக்கான படிகள்.

பாதிவழித் தேநீர்க்கடையில் சப்பாத்தைக் கழற்றினேன். கால் வீங்கியிருந்தது. "இன்னும் கொஞ்சந்தானே" என்றது மனம். ஆனால் ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். படிக்குப் படி உடற்பாரம் அந்தக் காலில்தான் விழும். நான் விழுந்தால் சுமக்கவேண்டியவர்கள் இவர்களே.

"எனக்கு ஏலாது" என்றேன், வெட்கத்தோடு.

கூட வந்த அக்கா ஒருவர் பக்கத்தில் அமர்ந்தார். "எனக்கும் முழங்கால் நோகுது பிள்ளை. சொல்லப் பயந்துகொண்டு வந்தனான்."

இருவரும் கைபிடித்து மெல்ல இறங்கினோம். உச்சியை நான் காணவில்லை. ஆனால், சகோதரிகளே, நோவை மறைப்பது பொறுமையல்ல என்பதை அன்று கண்டேன்.