திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

காஞ்சிபுரத்தில் தறியில் உட்காருகிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் நெய்த சேலை கைக்கு வந்தாலும் முதலில் திருப்பித்தான் பார்ப்போம். அழகு முன்பக்கத்தில் தெரியும். வேலை பின்பக்கத்தில்தான் தெரியும்.

ப்ரோகேட் என்று கடையில் சொல்லும் துணிகளுக்கு அடிப்படை ஒன்றுதான். நீளவாக்கில் பாவும் குறுக்கே ஊடையும் சேர்ந்தால் துணி. பூ வேண்டுமென்றால் கூடுதலாக இன்னோர் இழை ஓட வேண்டும். எங்கள் பட்டில் அது ஜரிகை. எம்ப்ராய்டரியில் துணி முடிந்த பிறகு பூ வரும். இங்கே இரண்டும் தறியிலேயே ஒன்றாக வளரும்.

அந்தப் பூ இழை ஓட வழிவிட, அந்தக் காலத்தில் 'அடை' என்ற கயிற்று அமைப்பைக் கட்டி, உதவியாள் கயிறு இழுத்துப் பாவிழைகளை எழுப்புவார். பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார் 1804இல் உருவாக்கிய முறை பிற்பாடு இங்கும் வந்தது. அதில் பூவின் வடிவத்தைச் சொல்வது ஓட்டை போட்ட அட்டைகள். அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி எழும், பாவிழை மேலே வரும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். நடுவே ஜரிகை நாடா ஓடும். ஒரு வரிக்கு ஓர் அட்டை. உடலோடு கோத்து நெய்யும் கோர்வைக் கரைக்கோ இன்றும் மனிதக் கைதான்: உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு இரண்டு, ஓட்ட இரண்டு பேர். உடலும் கரையும் கோத்துக்கொள்ளும் இடத்தை விரலால் தடவினாலே தெரியும்.

அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டிழைமேல் வெள்ளித் தகட்டுக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. சூரத்திலிருந்து வருகிறது, காஞ்சிபுரத்திலேயே அரசு ஜரிகை ஆலையும் உண்டு. முந்தி ஓரத்து இழை ஒன்றை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரிய வேண்டும். செம்பு தெரிந்தால் விலையும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும்.

பராமரிப்பும் இந்த நெசவிலிருந்தும் ஜரிகையிலிருந்துமே வருகிறது. பூவுக்கும் பூவுக்கும் நடுவே ஜரிகை பின்பக்கம் தளர்ந்து ஓடுகிறது. மெட்டியும் வளையலும் அதில்தான் மாட்டும். இழுக்காமல் நிதானமாக விடுவியுங்கள். வெள்ளி கறுக்கும் உலோகம். அதனால் கட்டியபின் சென்ட் அடிக்காதீர்கள். அந்துருண்டை சேலைமேல் படக்கூடாது. வியர்வை காய நிழலில் விரித்துவிட்டுத்தான் மடிக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், பழைய வெள்ளை வேட்டி போதும். ஒரே மடிப்பில் வருடக்கணக்காகக் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே பட்டு இற்றுவிடும். சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். இஸ்திரி போடுவதென்றால் பின்பக்கத்தில், மேலே பருத்தித் துணி விரித்து.

கல்யாணச் சேலையைப் பீரோவிலேயே பூட்டி வைப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: அது உடுத்தத்தான் நெய்தது. நல்ல நாள் வரும்போதெல்லாம் எடுத்துக் கட்டுங்கள்.