வீட்டுச் சூட்டுக்கு ஒரு கால அட்டவணை

வட அமெரிக்காவின் குளிர்ப்பகுதி வீடுகளில், கூடத்தின் உட்சுவரில் ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் ஒரு சிறிய பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். அதுதான் தெர்மோஸ்டாட். வீட்டைச் சூடாக்குவது நிலத்தடி அறையில் நிற்கும் ஃபர்னஸ் என்னும் உலை. அறையின் வெப்பநிலை குறித்த அளவுக்குக் கீழே இறங்கும்போது தெர்மோஸ்டாட் ஒரு மின்சுற்றை இணைக்கிறது. அளவை எட்டியதும் துண்டிக்கிறது. புகை வெளியேறும் வழி திறந்திருக்கிறதா, சுடர் பற்றிக்கொண்டதா, எரிவாயுவை விடலாமா என்றெல்லாம் பார்ப்பது ஃபர்னஸுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையின் வேலை. தெர்மோஸ்டாட் சூடு வேண்டும் என்று கேட்பதோடு சரி. புரோகிராம் செய்யக்கூடிய தெர்மோஸ்டாட்டில் இந்தச் சுவிட்சுடன் ஒரு கடிகாரமும் சேர்ந்திருக்கிறது. காலையில் இவ்வளவு, பகலில் இவ்வளவு, படுத்தபின் இவ்வளவு என்று முன்கூட்டியே பதித்து வைக்கலாம்.

இந்தக் கருவி பிறந்த இடம் ஒரு பள்ளிக்கூடம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வைட்வாட்டர் என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வாரன் ஜான்சன் பேராசிரியராக இருந்தார். அங்கே வகுப்பறைகளின் குளிரை அறிய, பள்ளிப் பணியாளர் ஒவ்வோர் அறையாக வந்து பார்த்துவிட்டு, மறுபடி கீழே இறங்கி உலையின் காற்றுக் கதவைத் திருப்ப வேண்டியிருந்தது. அறையே கீழே மணியடித்துத் தன் நிலையைச் சொல்லும்படி ஜான்சன் ஒரு மின்சுற்றை அமைத்து, 1883இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து மினியாபொலிஸ் நகரில் ஆல்பர்ட் பட்ஸ் பணியாளரின் நடையையே ஒழித்தார். அறை குளிர்ந்தால் ஒரு சிறு மோட்டார் நிலக்கரி உலையின் காற்றுக் கதவைத் தானே தூக்கும்; அறை சூடானால் இறக்கிவிடும். பின்னாளில் ஹனிவெல் என்று பெயர் பெற்ற நிறுவனத்தின் வேர் இதுதான். ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்து 1953இல் வெளிவந்த அந்நிறுவனத்தின் வட்டத் தெர்மோஸ்டாட் இன்றும் பல பழைய வீடுகளின் சுவரில் இருக்கிறது. அதனுள்ளே, வெப்பத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் இரட்டை உலோகச் சுருள் ஒன்றும், அது சாயும்போது பாதரசம் உருண்டு மின்சுற்றை மூடும் கண்ணாடிக் குமிழ் ஒன்றும் இருக்கும். எளிதில் பழுதாகாத கருவி என்று அதைச் சொல்லலாம். நேரம் மட்டும்தான் அதற்குத் தெரியாது.

நேரம் தெரிவதால் கிடைப்பதென்ன என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். வீட்டிலிருந்து வெளியேறும் வெப்பம், உள்ளே இருக்கும் வெப்பநிலைக்கும் வெளியே இருக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 9, உள்ளே 21 என்றால் வித்தியாசம் 30 டிகிரி. உள்ளே 17 ஆகிவிட்டால் வித்தியாசம் 26. அந்த நேரம் முழுவதும் இழப்பு 13 சதவீதம் குறைகிறது. குளிர்ந்த வீட்டை மறுபடி சூடாக்கக் கூடுதல் எரிபொருள் செலவாகும், ஆகவே மிச்சம் ஏதும் இல்லை என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். அது சரியல்ல. மறுபடி சூடாக்கச் செலவாகும் வெப்பமும், வீடு மெல்லக் குளிர்ந்தபோது ஃபர்னஸ் ஓடாமல் மிஞ்சிய வெப்பமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. வீடு குளிர்ந்தே கிடந்த இடைநேரத்தில் குறைந்த இழப்புதான் நிகர லாபம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் 4 முதல் 6 டிகிரி செல்சியஸ் வரை குறைத்து வைத்தால், ஆண்டுச் செலவில் 10 சதவீதம் வரை மிச்சமாகலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ‘வரை’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வெப்பக்காப்பு நன்றாக உள்ள வீடு எட்டு மணி நேரத்திலும் ஓரிரு டிகிரிதான் இறங்கும். அங்கே மிச்சம் சொற்பம். ஜன்னல் இடுக்கெல்லாம் காற்று புகும் பழைய வீடு சட்டென்று குளிர்ந்துவிடுவதால், அட்டவணையால் அதிகம் பயன்பெறுவதும் அதுதான்.

எரிபொருள் நெருக்கடி மிகுந்த 1977 பிப்ரவரியில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கம்பளிச் சட்டையுடன் தொலைக்காட்சியில் தோன்றி, பகலில் 18 டிகிரியும் இரவில் 13 டிகிரியும் போதும் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். கையால் திருப்ப மறந்துபோகும் இந்த வேலையைக் கருவி ஏற்றுக்கொண்டால் நாடு முழுவதும் எரிபொருள் மிச்சமாகும் என்ற நம்பிக்கை பிறகு வலுத்தது. அந்த நம்பிக்கை பொய்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இக்கருவிகளுக்கு வழங்கிவந்த, எரிசக்திச் சிக்கனத்துக்கான எனர்ஜி ஸ்டார் முத்திரையை 2009 டிசம்பருடன் நிறுத்திக்கொண்டது. கருவி கெட்டதால் அல்ல. வாங்கியவர்களில் பலர் அட்டவணையே பதிக்காமல், ‘ஹோல்டு’ பொத்தானை அழுத்தி ஒரே வெப்பநிலையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதற்கும் முன்பே, 1986இல் வில்லட் கெம்ப்டன் என்ற ஆய்வாளர் இன்னொன்றைச் சுட்டிக்காட்டியிருந்தார்: பலர் தெர்மோஸ்டாட்டைத் தண்ணீர்க் குழாய் போல எண்ணி, அதிகம் திறந்தால் வேகமாகச் சூடாகும் என்று நினைக்கிறார்கள். சாதாரண ஃபர்னஸுக்கு ஒரே வேகம்தான். 21 வேண்டிய வீட்டில் 27 வைத்தால் 21ஐ எட்டும் நேரம் குறையாது. யாராவது வியர்த்துப்போய்த் திரும்பக் குறைக்கும்வரை எரிவாயு எரிந்துகொண்டிருக்கும். அவ்வளவே.

பொருத்தும் வேலைக்கு வருவோம். கருவி வாங்கக் கடைக்குப் போகும் முன்பே பழைய தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. மெல்லிய வண்ணக் கம்பிகள் இரண்டு முதல் ஐந்து வரை தெரிந்தால் அது 24 வோல்ட்டில் இயங்கும் அமைப்பு. கவனமுள்ள எவரும் தாமே மாற்றலாம். தடித்த இரண்டு அல்லது நான்கு கம்பிகள், திருகு மூடி போட்டு முறுக்கியவையாக இருந்தால், அது சுவரோர மின் ஹீட்டர்களுக்கு 120 அல்லது 240 வோல்ட் செல்லும் வழி. அதற்குரிய தெர்மோஸ்டாட் வேறு. 24 வோல்ட் கருவியை அதில் இணைப்பது தீவிபத்துக்கு வழி வகுக்கும். அங்கே எலக்ட்ரீஷியனை அழைப்பதே முறை.

முதலில் ஃபர்னஸின் சுவிட்சையும், மின் பெட்டியில் அதற்குரிய பிரேக்கரையும் அணைக்க வேண்டும். கம்பியைத் தொடும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கம்பியும் எந்த எழுத்துள்ள திருகில் இருக்கிறதோ, அந்த எழுத்தைச் சிறு துண்டு டேப்பில் எழுதிக் கம்பியில் ஒட்ட வேண்டும். ‘ஆர்’ என்பது மின்சாரம் வரும் வழி, ‘டபிள்யூ’ சூட்டுக்கு, ‘வை’ குளிரூட்டிக்கு, ‘ஜி’ காற்றாடிக்கு, ‘சி’ மின்சாரம் திரும்பும் பொதுவழி. வழக்கமாக இவை முறையே சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலமாக இருக்கும். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ கையில் கிடைத்த நிறத்தில் இணைத்திருக்கலாம். எழுத்தை நம்ப வேண்டும், நிறத்தை அல்ல. மின்சாரத்தை அணைக்காமல் ஆர் கம்பியும் சி கம்பியும் உரசிவிட்டால், ஃபர்னஸ் பலகையில் உள்ள சிறு ஃபியூஸ் போய்விடும். பிறகு புதுக் கருவியே கெட்டுவிட்டதாக எண்ணிக் கடைக்குத் திரும்ப நடக்க நேரும்.

சி கம்பிதான் பெரும்பாலோரைத் தடுத்து நிறுத்துவது. பழைய பாதரசத் தெர்மோஸ்டாட்டுக்கு மின்சாரம் தேவையில்லை. ஆகவே அந்தக் காலத்து வீடுகளில் இரண்டு கம்பிகளோடு முடித்துவிட்டார்கள். திரையும் வைஃபையும் உள்ள கருவிக்கு இடைவிடாத மின்சாரம் வேண்டும். சில கருவிகள் சூட்டுக் கம்பி வழியே சிறிதளவு மின்சாரத்தை உறிஞ்சிச் சமாளிக்கின்றன. ஆனால் சில ஃபர்னஸ்கள் அதைப் பொறுத்துக்கொள்ளாமல் காரணமின்றி இயங்கி நிற்கும். சுவருக்குள் பயன்படாத கம்பி ஒன்று சுருட்டி விடப்பட்டிருக்கிறதா என்று தேடுவது முதல் வழி. இருந்தால் அதை இரு முனையிலும் சி திருகில் இணைத்தால் போதும். இல்லையென்றால் ஏஏ பேட்டரியில் இயங்கும் எளிய கருவியை வாங்குவதில் குறை ஒன்றுமில்லை.

கம்பி வரும் துளையை அடைக்காமல் விடுவது பலரும் செய்யும் தவறு. சுவருக்குள்ளிருந்து வரும் குளிர்காற்று நேராக உணர்கருவியில் பட்டால், அறை 22 டிகிரியில் இருந்தாலும் அது 19 என்று நினைத்துக்கொண்டு சூடு கேட்டபடியே இருக்கும். கொஞ்சம் அடைப்புப் பசையோ பஞ்சோ போதும். பழைய தெர்மோஸ்டாட்டே வெயில் படும் சுவரிலோ, சூட்டுக் காற்று வரும் துவாரத்துக்கு எதிரிலோ, விளக்குக்குப் பக்கத்திலோ இருந்திருந்தால், இடம் மாற்ற இதுவே தருணம். கழற்றிய பழைய கருவியில் கண்ணாடிக் குமிழ் இருந்தால் அதில் சில கிராம் பாதரசம் இருக்கும். குப்பையில் போடாமல் அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

மின்சாரத்தை மீண்டும் இணைத்தபின் வெப்பநிலையைச் சில டிகிரி ஏற்றிப் பார்க்க வேண்டும். எரிவாயு ஃபர்னஸ் என்றால் முதலில் சிறு விசிறியின் முனகல், பிறகு பற்றவைப்பானின் செந்நிறம், சுடர் பிடிக்கும் ஓசை, ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் பெரிய காற்றாடி. இந்த வரிசை வந்தால் இணைப்பு சரி. அமைப்புப் பட்டியலில் ஃபர்னஸின் வகையையும் சரியாகத் தெரிவிக்க வேண்டும். மணிக்கு எத்தனை முறை இயங்கி நிற்கலாம் என்பது வகைக்கேற்ப மாறும்: பழைய வகைக் காற்று ஃபர்னஸுக்கு ஐந்து முறை, சுடுநீர் ரேடியேட்டருக்கு மூன்று, நீராவிக்கு ஒன்று. இதைத் தவறாக விட்டால் அறை ஒரு நேரம் வேகும், ஒரு நேரம் விறைக்கும்.

இனி அட்டவணை. எனர்ஜி ஸ்டார் வகுத்த மாதிரி அட்டவணை, ஃபாரன்ஹீட்டிலிருந்து மாற்றினால், இப்படி இருந்தது: காலை ஆறு மணிக்கு 21, எட்டு மணிக்கு 17, மாலை ஆறு மணிக்கு மீண்டும் 21, இரவு பத்துக்கு 17. பல கருவிகள் இதை ஒட்டிய எண்களோடுதான் பெட்டியிலிருந்து வெளிவருகின்றன. எட்டு மணிக்கு எல்லாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது இதன் அனுமானம். மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீட்டுக்கு இது பொருந்தாது. பகலெல்லாம் பாட்டி வீட்டில் இருக்கிறார், கைக்குழந்தை இருக்கிறது, ஒருவர் இரவு வேலை முடித்து வந்து காலையில் உறங்குகிறார். உலகச் சுகாதார அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அதற்கு மேலும் வேண்டியிருக்கலாம். ஆள் இருக்கும் வீட்டைப் பகலில் குளிரவைத்து மிச்சம் பிடிப்பது நியாயமல்ல. அத்தகைய வீடு பகல் இறக்கத்தை நீக்கிவிட்டு, வீட்டிலிருப்போர் எல்லாரும் போர்வைக்குள் இருக்கும் இரவில் மட்டும் இறக்கினாலே கிடைக்கக்கூடிய பலனில் கணிசமான பகுதி கிடைத்துவிடும். கருவியின் எண்களுக்குள் குடும்பத்தைத் திணிக்க முயன்ற வீடுகளில்தான் ஹோல்டு பொத்தான் அழுத்தப்பட்டு அப்படியே கிடக்கிறது. ஒரு வாரம் யார் எப்போது எழுகிறார், எப்போது வருகிறார் என்று தாளில் எழுதிவிட்டுப் பிறகு பதித்தால், அந்த அட்டவணை நிலைக்கும்.

டொராண்டோவின் ஸ்கார்பரோ போன்ற பகுதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. தமிழ்க் குடும்பங்கள் பலவும் வீடு வாங்கியபின் பேஸ்மென்ட் என்னும் நிலத்தடித் தளத்தை வாடகைக்கு விடுகின்றன. நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் அங்கேதான் வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள். தெர்மோஸ்டாட் மேல்தளத்தில் இருக்கும். சூட்டுக் காற்று மேலே ஏறிவிடுவதால் மேலே 21 ஆகும்போது கீழே அதைவிடக் குறைவாகவே இருக்கும். மேலே உள்ளவர்கள் வேலைக்குப் போகும்போது அட்டவணை 17க்கு இறங்கினால், கீழே இருப்பவர் குளிரில் கிடக்க வேண்டும். வாடகை வீட்டுக்குச் சூடு தரும் உரிமையாளர் குளிர்மாதங்களில் குறைந்தது 21 டிகிரி தரவேண்டும் என்பது டொராண்டோ நகர விதி. ஆகவே இது வெறும் மனக்கசப்புப் பிரச்சினை மட்டுமல்ல. தனி அறை உணர்கருவிகளை ஏற்கும் தெர்மோஸ்டாட் வாங்கி, ஒன்றைக் கீழே வைத்து, அதன் அளவையும் கணக்கில் எடுக்கச் செய்யலாம். அப்படிச் செய்தாலும் ஒரே ஃபர்னஸ் இரு தளத்துக்கும் வெவ்வேறு வெப்பநிலை தராது; மேல்தளத்துக் காற்றுத் துவாரங்களைச் சற்றே மூடிக் கீழே அதிகம் போகவிடுவது உதவும்.

வெளியிலிருந்து வெப்பத்தை உள்ளே இறைக்கும் ஹீட் பம்ப் உள்ள வீடுகள் இப்படி இறக்கி ஏற்றுவதற்கு விதிவிலக்கு. இரவில் ஐந்து டிகிரி இறக்கிவிட்டுக் காலையில் ஒரேயடியாக ஏற்றினால், பம்பால் ஈடுகொடுக்க முடியாமல் துணை மின் ஹீட்டர் இயங்கும். இரவு மிச்சமானது காலையில் போய்விடும். அங்கே இறக்கம் ஓரிரு டிகிரியோடு நிற்கலாம், அல்லது துணை ஹீட்டரைத் தவிர்த்து முன்கூட்டியே மெல்ல ஏற்றத் தெரிந்த கருவியை வாங்கலாம்.

குளிர்காலத்தில் பல வாரம் ஊருக்குப் போகும் குடும்பம் அட்டவணையை நிறுத்திவிட்டு 13 டிகிரிக்குக் குறையாத ஒரே அளவில் ஹோல்டு செய்வது முறை. அதற்கும் கீழே போனால் வெளிச்சுவரை ஒட்டிய தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கலாம். பேட்டரியில் இயங்கும் தெர்மோஸ்டாட் என்றால் கிளம்பும் முன் பேட்டரியை மாற்றிவிட வேண்டும். அது தீர்ந்தால் கருவி சூடு கேட்பதை நிறுத்திவிடும். ஃபர்னஸ் நல்ல நிலையில் இருந்தாலும் வீடு உறைந்துவிடும். வீட்டுக்கு வரும் தண்ணீரின் பிரதான வால்வை மூடி, குழாய்களைத் திறந்து வடித்துவிட்டு, சாவியை அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து அவ்வப்போது பார்க்கச் சொல்ல வேண்டும். ஆளில்லாத வீட்டை யாராவது பார்த்து வந்தார்களா என்று பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் கேட்கின்றன.