வாங்காத சம்பளம்

1863 வசந்தத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, பாஸ்டனுக்குப் பக்கத்து ரீட்வில் முகாமில் பெயர் கொடுத்தபோது மாதம் 13 டாலர் என்று சொன்னார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு என்னவோ அதுவே கறுப்பர்களான எங்களுக்கும். 54ஆம் மாசசூசெட்ஸ் ரெஜிமெண்டில் நாவிதர்கள் இருந்தார்கள், கப்பலில் வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள், பென்சில்வேனியாப் பண்ணைகளில் கூலிக்கு உழுத என் போன்றவர்களும் இருந்தோம். துப்பாக்கியோடு பிடிபடும் கறுப்பருக்குத் தூக்கு, இல்லாவிட்டால் அடிமை விற்பனை என்று தெற்குப் பக்கம் மிரட்டியிருந்தது. தெரிந்துதான் சேர்ந்தோம்.

ஜூலை 16 தென் கரோலினாவின் ஜேம்ஸ் தீவில் சண்டை. அன்றிரவு இடிமழையில், சதுப்பின் மேல் கிடந்த குறுகிய பலகைகளைக் காலால் தடவித் தடவி நடந்தோம். 18ஆம் தேதி சாயங்காலம் மோரிஸ் தீவில், தெற்குப் படையின் வாக்னர் கோட்டைக்கு எதிரே மணலில் படுத்திருந்தபோது எவன் வயிற்றிலும் ஒன்றுமில்லை. பக்கத்தில் படுத்திருந்த ஒஹையோக்காரன் பையிலிருந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, ஒடித்து, பெரிய பாதியை என்னிடம் நீட்டினான். மழையில் ஊறியது; கம்பளி வாடையும் சேற்று வாடையும் அடித்தது. மீசை அரும்பாத முகம் அவனுக்கு. ஈரக் கம்பளி வாடை எங்கே வந்தாலும் இன்றைக்கும் அந்த முகம் வந்துவிடுகிறது. எங்கள் வெள்ளைக்காரக் கர்னல் ராபர்ட் கூல்ட் ஷா வரிசையோரமாக நடந்து வந்து பேசினார். 25 வயசு. எப்போதும் விறைப்பாக இருப்பவருக்கு அன்று உதட்டோரம் துடித்தது.

எழுந்தோம், ஓடினோம், கடலுக்கும் சதுப்புக்கும் நடுவே வழி குறுகியது, வாக்னர் கோட்டை முழுசும் ஒரே நேரத்தில் வெடித்தது, அகழித் தண்ணீர், விழுந்தவர்கள் மேலேயே கால் வைத்து மணல்சரிவு, உச்சியில் கர்னல், பிறகு கர்னல் இல்லை. 600 பேர் போனோம். செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் 270க்கு மேல். ஒஹையோக்காரன் திரும்பவில்லை.

கர்னலை அவமதிப்பதாக எண்ணித் தெற்குப் படையினர் அவரை எங்கள் ஆட்களோடு ஒரே குழியில் போட்டு மூடினார்கள். பிள்ளையை அங்கிருந்து எடுக்க வேண்டாம் என்று அவருடைய அப்பா எழுதினார். அந்தப் பெரியவரை நான் பார்த்ததில்லை. அந்தக் கடிதத்துக்காக அவரை மறந்ததுமில்லை.

அதே வாரம் நியூயார்க்கில், கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்துக் கிளம்பிய கும்பல் கறுப்புக் குழந்தைகளின் அனாதை விடுதியைக் கொளுத்தியது. எங்கள் சார்ஜெண்ட் ஒருவரின் வீட்டுச் சிறுவனையும் கொன்றது. அந்த சார்ஜெண்ட் வாக்னரில் காயத்தோடு பிடிபட்டு, சார்ல்ஸ்டனில் செத்தார்.

பிறகு சம்பளம் கொடுக்க வந்தார்கள். 13 இல்லை, 10. உடுப்புக்கு 3 பிடித்தம். கையில் 7. கூலியாளின் கணக்கு. ஒருவரும் வாங்கவில்லை. குறையும் பணத்தைத் தானே தருவதாக மாசசூசெட்ஸ் சொன்னது. அதையும் வேண்டாம் என்றோம். அதை வாங்கினால் 7தான் எங்கள் விலை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். 1864 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் ஒலஸ்டியில் எங்கள் ஆட்கள் மறுபடி செத்தது சம்பளமில்லாமல்தான்.

பீரங்கியைத் தாங்கினோம். வீட்டுக் கடிதங்களைத் தாங்க முடியவில்லை. என் மனைவிக்கு எழுத வராது. சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பெண் எழுதுவாள். பெரியவளுக்குக் காலணி இல்லை. விறகு தீர்ந்தது. சின்னவனுக்கு இருமல். சிலருடைய மனைவி மக்கள் ஏழை விடுதிக்கே போய்விட்டார்கள். கடிதம் வந்த ராத்திரிகளில் கூடாரத்தில் யாரும் பேசுவதில்லை. மனைவி போன பிறகு அந்தக் கடிதங்களை எடுத்துப் படித்தேன். எதிலும், "அந்த 7 டாலரையாவது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அவள் எழுதச் சொல்லியிருக்கவில்லை.

1864 ஜூனில் சமச் சம்பளச் சட்டம் வந்தது. இலையுதிர் காலத்தில் பாக்கியோடு முழுப் பணமும் வந்தது. முகாமே பாடியது. பாடாமல் உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. அவர்கள் பணம் அனுப்ப வேண்டிய வீட்டில் ஆள் குறைந்திருந்தது.

1897 மே 31, பாஸ்டனில் மாநில அரசு மாளிகைக்கு எதிரே செயிண்ட் காடன்ஸ் செய்த வெண்கலச் சிலையைத் திறந்தார்கள். குதிரைமேல் கர்னல், அவரோடு நடக்கும் நாங்கள். மிச்சமிருந்தவர்கள் அன்று அணிவகுத்துப் போனோம். வாக்னரில் குண்டுபட்டும் கொடியை விடாத வில்லியம் கார்னியும் வந்திருந்தார். சிற்பி முகங்களை உண்மையாகவே செய்திருக்கிறார். குறை சொல்ல மாட்டேன். சிலை பதித்த கல்லின் பின்புறம் இறந்த அதிகாரிகளின் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். அவர்களும் எங்களோடுதான் செத்தார்கள்; அந்த மரியாதை அவர்களுக்கு உரியது. இந்த 1897இல் சிப்பாய்கள் ஒருவர் பெயரும் அங்கே இல்லை. ரெஜிமெண்ட் பதிவேட்டில் அத்தனை பெயரும் இருக்கிறது. கல்லில் இடமும் இருக்கிறது. அவர்கள் பெயரையும் வெட்டுங்கள்.