லயத்த எடுத்துட்டு நீலம் போடலாமா?

பதுளைப் பக்கத் தோட்டங்களில் பழைய படங்களை ஸ்கேன் பண்ணிக் கொடுக்கிறோம். பெரும்பாலும் மாலை போட்டு மாட்டத்தான் கேட்பார்கள். "பின்னால உள்ள லயத்த எடுத்துட்டு நீலம் போட்டுருங்க தம்பி."

எடுக்கலாம். இமேஜ்மேஜிக்கில் 'ட்ரான்ஸ்பேரன்ட் ஒயிட்' என்று கட்டளை கொடுத்தால் வெள்ளைச் சுவரோடு அப்பாயியின் வெள்ளைச் சேலையும் போய்விடும். எது துணி, எது சுவர் என்று அதுக்குத் தெரியாது. மூலையிலிருந்து 'ஃப்ளட்ஃபில்' கொடுத்தால், அங்கிருந்து தொடர்ச்சியாக வரும் நிறம் மட்டும் போகும். சேலை சுவரோடு ஒட்டி இருந்தால் அதுவும் கஷ்டம்தான். ரெம்பிஜி பரவாயில்லை. யூ2நெட் மாடலை ஒருமுறை இறக்கிவிட்டால் (176 எம்பி வரும்) பிறகு டேட்டா வேண்டாம், சிக்னல் இல்லாத மலையிலும் ஆளை மட்டும் வெட்டித் தரும்.

'மோக்ரிஃபை'யை மட்டும் தொடவே மாட்டோம். அது மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடும்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அப்படிப் போன வாசல் எப்படி இருந்தது என்று பார்க்க, யாரோ ஒருவரின் கல்யாணப் படத்துப் பின்னணிதான் மிச்சம். லயம் தெரியக் கூடாது என்கிற கூச்சம் எங்களுக்கும் தெரிந்ததுதான், நாங்களும் அங்கே வளர்ந்தவர்கள். அதனால் ரெண்டு பிரதி கொடுக்கிறோம். லயம் உள்ளது வேண்டாம் என்பவர்களிடம், நாங்கள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறோம். சரி என்றால் தோட்டம், டிவிஷன், லய நம்பரைக் கோப்பின் பெயரிலேயே போட்டுவிடுவோம்.